ஆக்டிவ் ஃபில்டர்: கேட்டவர்களுக்குப் பதில்

கேள்வி: அண்ணே, பயான் லெப்பாஸில் எங்கள் தொழிற்சாலையில் மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ்கள் கூடியதிலிருந்து கபாசிட்டர்கள் உப்பிப் போகின்றன. ஆக்டிவ் ஃபில்டர் போட்டால் தீருமா?

பதில்: தம்பி, ஹார்மோனிக் என்பது 50 ஹெர்ட்ஸின் மடங்குகளில் வரும் வேண்டாத மின்னோட்டம்; ஆக்டிவ் ஃபில்டர் அதற்கு எதிரான மின்னோட்டத்தைச் செலுத்தி அதை அழிக்கும் கருவி. முதலில் ஒரு கணக்கு. டிரான்ஸ்ஃபார்மர் 1000 கேவிஏ, இம்பீடன்ஸ் 5 சதவீதம் என்றால் ஷார்ட் சர்க்யூட் திறன் 20,000 கேவிஏ. அதை 400 கேவிஏஆர் கபாசிட்டரால் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள்: ஏறக்குறைய 7. டிரான்ஸ்ஃபார்மரும் கபாசிட்டரும் சேர்ந்து மின்னோட்டத்தைப் பெருக்கும் ரெசொனன்ஸ், 50 ஹெர்ட்ஸின் அத்தனையாவது மடங்கில் இருக்கிறது. ஆறு பல்ஸ் டிரைவ் கக்குவதோ 5, 7, 11, 13-ஆவது ஹார்மோனிக்குகள். அந்த 7, அதாவது 350 ஹெர்ட்ஸ், நேரே ரெசொனன்ஸில் போய் விழுகிறது. கபாசிட்டர் உப்பாமல் என்ன செய்யும்? ஃபில்டரை மட்டும் வாங்கி மாட்டினால் காசுக்குத்தான் கேடு. முதலில் 7 சதவீத ரியாக்டரை (கம்பிச்சுருளை) கபாசிட்டருக்குத் தொடராகப் போடுங்கள். டியூனிங் 189 ஹெர்ட்ஸுக்கு, அதாவது 5-ஆவது ஹார்மோனிக்குக்கும் கீழே, இறங்கிவிடும். கபாசிட்டரின் வோல்டேஜ் 400-லிருந்து 430-க்கு ஏறும் என்பதால் அதையும் உயர் ரேட்டிங்கில் மாற்றுங்கள். மிச்ச ஹார்மோனிக்கை அளந்து பார்த்துவிட்டு ஃபில்டரின் அளவை முடிவு செய்யலாம்.

கேள்வி: ஐயா, வீட்டு பில் குறைய ஃபில்டர் வாங்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. வீட்டு மீட்டர் கிலோவாட் மணியைத்தான் எண்ணுகிறது; ஃபில்டர் அதைக் குறைக்காது.

கேள்வி: பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அலுவலகக் கட்டடத்தில் நியூட்ரல் வயர் சுடுகிறது. லோடு மூன்று ஃபேஸிலும் சமமாகத்தான் இருக்கிறது.

பதில்: லோடு சமமாக இருந்தால் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் நியூட்ரலில் அழிந்துவிடும். ஆனால் கம்ப்யூட்டர், எல்இடி விளக்குகளின் 150 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் நியூட்ரலில் ஒன்றையொன்று அழிக்காது, கூடும். மூன்று வயர் ஃபில்டர் இதைத் தொடவே தொடாது. நான்கு வயர் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: சார், கோலாலம்பூரில் இறுதியாண்டு புராஜெக்ட் செய்கிறேன். பி-க்யூ முறையில் (கணநேர மின்திறனை வைத்து ஃபில்டர் செலுத்த வேண்டிய மின்னோட்டத்தைக் கணக்கிடுவது) சிமுலேஷன் நன்றாக வருகிறது, போர்டில் 13-ஆவது ஹார்மோனிக் குறையவில்லை.

பதில்: 1983-இல் அகாகி குழுவினர் தந்த அந்த முறை அருமையானது, ஆனால் சப்ளை வோல்டேஜ் சிதைந்திருந்தால் ஃபில்டர் பின்பற்ற வேண்டிய ரெஃபரன்ஸ் மின்னோட்டமும் சிதையும். பிஎல்எல் (அலையின் கோணத்தைப் பின்தொடரும் அமைப்பு) வைத்து அடிப்படை அலையைப் பிரித்தெடுங்கள். ஃபில்டருக்குள் உள்ள டிசி பஸ்ஸின் வோல்டேஜையும் பாருங்கள்: 400 வோல்ட்டின் உச்சமே 566, அதனால் 700-க்குக் கீழே விடாதீர்கள்.

உங்கள் சிக்கல் பெரும்பாலும் தாமதம்தான். 10 கிலோஹெர்ட்ஸில் ஒரு சாம்பிள் பிந்தினால் 100 மைக்ரோசெகண்ட். 50 ஹெர்ட்ஸுக்கு அது 2 டிகிரிகூட இல்லை. 13-ஆவது ஹார்மோனிக்கான 650 ஹெர்ட்ஸில் 23 டிகிரி. அளவு சரியாக இருந்தாலும் கோணம் அவ்வளவு பிசகினால் அந்த ஹார்மோனிக்கில் 40 சதவீதம் அப்படியே மிஞ்சும். ஒவ்வொரு ஹார்மோனிக்கையும் தனித்தனியே பிரித்து, அதற்கான கோணத்தை முன்கூட்டியே கூட்டிக் கொடுங்கள். அடுத்த வாரம் ஸ்கோப் படத்தை அனுப்புங்கள், பார்க்கிறேன்.