கரட்டில் ஜீப் ஓட்ட யாரைக் கேட்பது?

வாசகர் கேள்வி – பதில்

தார்ச்சாலையை விட்டு இறங்கி வண்டி ஓட்டுவது பற்றித் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு மட்டும் இந்த முறை பதில் தரப்படுகிறது.

ஃபோர் வீல் டிரைவ் உள்ள பழைய ஜிப்ஸி ஒன்றை வாங்கியிருக்கிறேன். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் காட்டுக்குள் மண்பாதைகள் நிறைய இருக்கின்றன. தடுப்போ எச்சரிக்கைப் பலகையோ இல்லாத பாதைகளில் ஓட்டலாமா?
– வாசகர், ஓசூர்

கூடாது. பலகை இல்லை என்பதால் அனுமதி உண்டு என்று ஆகிவிடாது. நீங்கள் குறிப்பிடும் பகுதியின் பெரும்பரப்பு காப்புக்காடு. 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி அதற்குள் அனுமதியின்றி நுழைவதே குற்றம். வண்டியில் நுழைந்தீர்களா, நடந்து நுழைந்தீர்களா என்பதெல்லாம் அதற்கு அடுத்த பேச்சு. இதற்கு மேல், 2014-இல் ஏறத்தாழ 504 சதுர கிலோமீட்டர் பரப்பில் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயமும், 2022-இல் ஏறத்தாழ 686 சதுர கிலோமீட்டர் பரப்பில் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயமும் அறிவிக்கப்பட்டுவிட்டதால், இருபது ஆண்டுகளுக்கு முன் மாமா ஓட்டினார், சித்தப்பா ஓட்டினார் என்ற சாட்சியம் இன்று செல்லாது.

சரணாலயத்துக்குள் யார் போகலாம் என்பதை 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு சொல்கிறது. பணியிலிருக்கும் அரசு ஊழியர், உரிய வன அலுவலரிடம் அனுமதி பெற்றவர், உள்ளே நிலவுரிமை உடையவர், இம்மூவரையும் சார்ந்து வாழ்வோர், பொதுச்சாலை வழியாகக் கடந்து செல்பவர் ஆகியோரே அவர்கள். அஞ்செட்டியிலிருந்து நாட்றாம்பாளையம் வழியாக ஒகேனக்கல் செல்லும் சாலையில் நீங்கள் இந்தக் கடைசி வகையில் போகிறீர்கள். ஓடை அழகாக இருக்கிறதே என்று சாலையிலிருந்து பத்தடி இறக்கினால் அந்த வகையிலிருந்தும் இறங்கிவிடுகிறீர்கள். 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் இந்தச் சட்டத்தின் பொதுவான மீறல்களுக்கு 3 ஆண்டு வரை சிறையோ 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம்.

அந்த மண்பாதைகள் பெரும்பாலும் ரோந்துக்கும் தீத்தடுப்புக்கும் வனத்துறை போட்டுக்கொண்டவை. ராகி முற்றும் காலத்தில், ஐப்பசி முதல் தை வரை, கர்நாடகத்தின் பன்னார்கட்டா காட்டுப் பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் இறங்கி வரும் தடங்களும் அவற்றை ஒட்டியே இருக்கின்றன. தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறியவர்கள் சிக்கிய காட்டுத்தீ விபத்துக்குப் பின் 2018-இல் மலையேற்றத்துக்கே தமிழ்நாட்டில் தனி விதிகள் வந்துவிட்டன. நடப்பவருக்கே இத்தனை நடைமுறை இருக்கும்போது, எஞ்சினோடு போகிறவருக்கு விலக்கு எதிர்பார்க்க முடியாது.

இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. தேர்தலின்போது வாக்குப்பதிவு இயந்திரங்களைக் கழுதை மேல் ஏற்றிச் சென்ற கோட்டூர் மலை தருமபுரி மாவட்டத்தில்தான் இருக்கிறது. சாலை கேட்டு ஆண்டுக்கணக்கில் காத்துக்கிடந்த மலைக்கிராமத்தார் நடந்து தேய்த்த தடத்தில், ஏறுமா ஏறாதா என்று பந்தயம் கட்டி ஜீப்பை முறுக்குவது, சட்டம் என்ன சொன்னாலும், என் மனத்துக்கு ஒப்பவில்லை.

கைபேசி வரைபடத்தில் எங்கள் ஊர்க் கரட்டைச் சுற்றி மெல்லிய கோடாக ஒரு பாதை தெரிகிறது. கேட்டால், "எல்லாம் புறம்போக்குதான், யார் கேட்கப் போகிறார்கள்" என்கிறார்கள். புறம்போக்கு பொது நிலம்தானே?
– வாசகர், பென்னாகரம்

புறம்போக்கு என்ற சொல் நம் பேச்சில் "யாருக்கும் சொந்தமில்லாதது" என்ற பொருளுக்குத் தேய்ந்துவிட்டது. வருவாய்த்துறைக் கணக்கில் அதன் பொருள் வேறு: தீர்வை (நிலவரி) விதிக்காமல், ஒரு குறிப்பிட்ட பயனுக்கென்று ஒதுக்கிவைத்த அரசு நிலம். மேய்ச்சல் புறம்போக்கு ஆடுமாட்டுக்கு, ஏரிப் புறம்போக்கு தண்ணீருக்கு, வண்டிப்பாதைப் புறம்போக்கு போக்குவரத்துக்கு. ஆகவே, நிலம் புறம்போக்கா என்பதோடு நின்றுவிடாமல், எந்தப் புறம்போக்கு என்றும் கேட்க வேண்டும்.

அதைத் தெரிந்துகொள்வது கடினமான வேலையும் அல்ல. பாதை எந்தப் புல எண்களின் வழியாகப் போகிறது என்பதைக் கிராம வரைபடத்தில் பாருங்கள். பிறகு அந்த எண்களை, ஒவ்வொரு புல எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் கிராமக் கணக்கான அ-பதிவேட்டில் தேடுங்கள். வருவாய்த்துறையின் இணையச் சேவைத் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் ஆகியவற்றைக் கொடுத்தால் நிலத்தின் வகைப்பாடு வந்துவிடும். பாதைக்கென்று தனிப் புல எண்ணோ உட்பிரிவோ இருந்து, அது "வண்டிப்பாதை" என்று பதிவாகியிருந்தால், ஒழுங்கான பதிவும் காப்பீடும் உள்ள வண்டியில் நிதானமாகப் போக உங்களுக்கு உரிமை உண்டு. பட்டா எண்ணுக்குள்ளேயே அந்தக் கோடு ஓடினால், அது உடையவர் தம் வசதிக்கு விட்டுக்கொண்ட தடம். வரைபட நிறுவனம் வானத்திலிருந்து தடத்தைப் பார்த்துக் கோடு போடுகிறது; பட்டாவைப் பார்த்துப் போடுவதில்லை.

"எங்கள் பாட்டன் காலத்திலிருந்து இதில்தான் போகிறோம்" என்று பக்கத்துக் கொல்லைக்காரர் (புன்செய் நிலத்துக்காரர்) சொல்வது உண்மையாகவே இருக்கலாம். 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம், 20 ஆண்டுகள் இடையறாமல் வெளிப்படையாகப் பயன்படுத்திய வழிக்கு உரிமை தருகிறது. ஆனால் அந்த உரிமை அவருடைய நிலத்தைச் சேர்ந்தது. அவர் ஏர் ஓட்டிப் போகலாம் என்பதற்காக, ஆறு ஜீப்புகள் அவர் பெயரைச் சொல்லிப் போக முடியாது.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன் இராயக்கோட்டைப் பக்கம் ஒரு மண்தடத்தில் உற்சாகமாகப் போய், கடைசித் திருப்பத்தில் நேராக ஒரு களத்துக்குள் நுழைந்துவிட்டேன். கொள்ளு காயப்போட்டிருந்தார்கள். அந்த வீட்டம்மா திட்டவில்லை. முறத்தை எடுத்துவந்து, சக்கரம் ஏறிய இடத்தில் மண்ணோடு கலந்த கொள்ளைத் தனியே பிரித்து அள்ளத் தொடங்கினார். நானும் உட்கார்ந்து பொறுக்கினேன். ஒரு மணி நேரம் ஆயிற்று.

அப்படியானால் சட்டப்படி ஓட்டுவதற்கு இந்த மாவட்டங்களில் என்னதான் மிச்சம்?
– வாசகர், காவேரிப்பட்டணம்

உடையவர் சம்மதித்த பட்டா நிலம் மிச்சம். அதுவே நிறைய. மானாவாரிப் பயிரே மிகுதியாக உள்ள இந்த மாவட்டங்களில், மார்கழி, தையில் ராகி அறுவடை முடிந்தபின் கோடை உழவு வரைக்கும் பல கொல்லைகள் வெறுமனே கிடக்கின்றன. பாறையும் மேடும் ஓடைப்பள்ளமுமாக எந்தக் காலத்திலும் உழவுக்கு ஆகாத பட்டாத் தரிசும் உண்டு. ஜீப்புக்காரர் தேடுவது பெரும்பாலும் அதைத்தான். பெங்களூரைச் சுற்றிக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஓட்டவிடும் தனியார் தளங்களும் இருப்பதால், ஓசூர்க்காரர் முதற்பயிற்சியை அங்கே முடித்துவிட்டு நிலம் தேடுவது நல்லது. சிக்கிய வண்டியை இழுக்கும் வின்ச்சை எப்படிக் கட்டுவது, டயரில் எவ்வளவு காற்று இறக்குவது என்பதை அடுத்தவர் கொல்லையில் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

கேட்கும்போது பட்டாவில் பெயருள்ளவரைக் கேளுங்கள். கூட்டுப் பட்டாவாக இருந்தால் அண்ணன் சரி என்று சொல்லித் தம்பி வந்து மறிப்பது வாடிக்கை. எல்லோரிடமும் கேட்க வேண்டும். குத்தகைக்கு விட்டிருந்தால் குத்தகைதாரர் சம்மதமும் வேண்டும், ஏனென்றால் நிலத்தில் கிடப்பது அவருடைய உழைப்பு. உள்ளே போகும் வழி வேறொருவர் நிலத்தில் இருந்தால் அவரையும் விடாதீர்கள். பேசி முடித்ததை ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது: புல எண், நாள், நேரம், எத்தனை வண்டி, எந்த வழியாக உள்ளே, சேதம் ஆனால் யார் சரிசெய்வது. நான்கு வரி போதும். முத்திரைத்தாள் வாங்க ஓட வேண்டாம்.

ஓட்டுவதற்கு முந்தைய நாள் அந்த நிலத்தை முழுவதும் நடந்து பாருங்கள். இதை நான் வற்புறுத்தியே சொல்வேன். நம் கொல்லைகளில் சுற்றுச்சுவர் இல்லாத தரைமட்டக் கிணறுகள் புல் மூடிக் கிடக்கின்றன. ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தால் அவை புதராகத்தான் தெரியும். சொட்டுநீர்க் குழாய், வரப்பு, எல்லைக்கல் ஆகியவற்றுக்கு அடையாளம் வையுங்கள். எல்லைக்கல்லைச் சாய்த்துவிட்டால் நீங்கள் போனபிறகும் இரு வீட்டுக்கு இடையே அந்த வழக்கு நடந்துகொண்டிருக்கும்.

மழை பெய்து இரண்டு மூன்று நாள் ஆகும்வரை செம்மண் சரிவில் இறங்காதீர்கள். ஈரமண்ணில் விழுந்த சக்கரத்தடம் அடுத்த மழைக்கு வாய்க்காலாகி மேல்மண்ணை வாரிக்கொண்டு போகும். மாசிக்குப் பின்னரோ, சூடான புகைக்குழாய் காய்ந்த புல்லில் படும்படி வண்டியை நிறுத்துவதே ஆபத்து. வேறு ஊர்ச் சேற்றோடு வந்த டயரில் பார்த்தீனிய விதையும் வரும் என்பதால், கழுவிய வண்டியோடு போவது விருந்தாளிக்கு அழகு.

இரவில் வேண்டவே வேண்டாம். 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே, கொல்லையில் சட்டவிரோதமாகப் போட்ட மின்கம்பியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. அப்படிப்பட்ட கம்பி இருட்டில் மனிதருக்கும் தெரியாது.

கோடையில் வற்றிக் கிடக்கும் ஏரியில் ஓட்டினால் யாருக்கு என்ன நட்டம்?
– வாசகர், அரூர்

ஏரிக்கு உடையவர் உண்டு. ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) 100 ஏக்கருக்குக் குறைந்த ஏரிகள் பொதுவாக ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பிலும், அதற்கு மேற்பட்டவை நீர்வளத்துறையின் பொறுப்பிலும் இருக்கின்றன. அவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்காமல் இறங்க முடியாது. நட்டம் எங்கே என்றால், கரையில் இருக்கிறது. வண்டி ஏறி இறங்கக் கரையின் தோள் சரிகிறது, அடுத்த ஐப்பசி மழையில் அந்த இடம்தான் முதலில் உடைப்பு எடுக்கும். மதகையும் கலிங்கையும் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை. மேலும், வெடித்துக் காய்ந்த வண்டலுக்கு அடியில் ஒரு முழத்தில் சேறு இருக்கும். அதில் அச்சுவரை அமிழ்ந்த வண்டியை எடுக்க ஊராரின் டிராக்டரைத்தான் கூப்பிட வேண்டியிருக்கும். அப்போது அனுமதி பற்றிய கேள்வி தானாக வரும்.

கைவிடப்பட்ட கிரானைட் குவாரிகளில்?
– வாசகர், பர்கூர்

வேண்டாம். குத்தகைக் காலம் முடிந்தாலும் அந்த இடம் அரசுக்கோ பட்டாதாரருக்கோ உரியது. வெட்டிய பள்ளத்தில் நிற்கும் நீரின் ஆழம் விளிம்பில் நின்று பார்த்தால் தெரியாது, விளிம்பிலுள்ள கழிவுக்கல் மேடும் எடை தாங்குவதற்காகக் கொட்டியது அல்ல.

அமெரிக்காவில் இருக்கும் என் மைத்துனர், அங்கே அரசு நிலத்தில் யாரையும் கேட்காமல் ஓட்டலாம் என்கிறார். இங்கு மட்டும் ஏன் இவ்வளவு கெடுபிடி?
– வாசகர், தருமபுரி

உங்கள் மைத்துனர் பாதியைச் சொல்லியிருக்கிறார். அங்கே நில மேலாண்மைப் பணியகம் ஒன்றின் பொறுப்பில் மட்டும் ஏறத்தாழ 24.5 கோடி ஏக்கர் பொது நிலம் இருக்கிறது. அதில் பெரும்பகுதி வறண்ட மேற்கு மாநிலங்களில், ஆள் குறைந்த இடங்களில். ஆனால் அந்நாட்டு வனத்துறை 2005-இல் கொண்டுவந்த விதிப்படி, தேசியக் காடுகளில் எந்தெந்தத் தடங்களில் எந்த வகை வண்டி, எந்தப் பருவத்தில் போகலாம் என்று வரைபடம் அச்சிட்டுக் கொடுக்கிறார்கள். அதில் இல்லாத தடத்தில் போனால் அங்கும் குற்றமே. "மெல்ல மிதியுங்கள்" என்ற பொருளில் அதே துறை 1985-இல் ஓர் இயக்கத்தைத் தொடங்கியதற்குக் காரணம், வண்டிக்காரர்கள் தடத்தை அகலப்படுத்திக்கொண்டே போனதுதான். அத்தகைய வரைபடம் ஒன்று நமக்கும் வேண்டும் என்று நீங்கள் கேட்டால், நானும் உங்களோடு சேர்ந்து கேட்பேன். அது வரும்வரை அ-பதிவேடுதான் நம் வரைபடம்.

வத்தல்மலைக் கொண்டை ஊசி வளைவுகளில் நண்பர்கள் நேரம் குறித்து ஏறிப் பார்க்கிறார்கள். விபத்தானால் காப்பீடு கிடைக்குமா?
– வாசகர், நல்லம்பள்ளி

அது பொதுச்சாலை. அங்கே வேகப்போட்டி நடத்துவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கு 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். காப்பீட்டைப் பொறுத்தவரை, உங்கள் பாலிசித் தாளில் "பயன்பாட்டு வரம்பு" என்ற பத்தியைப் படியுங்கள். ஏற்பாடு செய்த பந்தயம், வேகச் சோதனை போன்றவை விலக்கப்பட்டிருக்கும். வண்டியை உயரமேற்றியும் டயர் மாற்றியும் வைத்திருந்தால், அதையும் காரணம் காட்டி இழப்பீட்டை மறுக்கக்கூடும்.

எங்கள் மூன்று ஏக்கர் தரிசில் ஞாயிற்றுக்கிழமை ஜீப் ஓட்ட ஒரு குழுவினர் கேட்கிறார்கள். பணமும் தருகிறார்களாம். கொடுக்கலாமா?
– விவசாயி ஒருவர், பாலக்கோடு

கொடுக்கலாம், உங்கள் நிலம். ஆனால் வாரந்தோறும் காசு வாங்கத் தொடங்கினால் அது தொழில் என்று ஆகிவிடும். அதற்கு முன் ஊராட்சியிலும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் பேசிவிடுங்கள். ஒரு நாளுக்கு என்றால், மேலே சொன்ன நான்கு வரியை அவர்களிடமே எழுதி வாங்கிக்கொண்டு, ஓட்டுநர் ஒவ்வொருவரின் உரிமத்தையும் காப்பீட்டையும் படம் எடுத்து வையுங்கள். கிணற்றைச் சுற்றிக் கயிறு கட்டச் சொல்லுங்கள். அந்த வேலை அவர்களுடையது. பக்கத்து நிலத்தாரிடம் முதல் நாளே நீங்களே சொல்லிவிடுங்கள், அவர் மாடு மிரண்டபிறகு சொல்வதைவிட அது எளிது. சாயங்காலம் அவர்கள் வண்டி கழுவத் தண்ணீர் கேட்பார்கள். குடத்தில் கொடுங்கள், மோட்டாரைப் போட்டுவிடாதீர்கள். உங்களுக்குக் கிடைக்கும் இலவச மின்சாரம் பயிருக்கு மட்டும் உரியது.