டெனே மக்களின் சிற்றூர் ஒன்றில் ஊரறிந்த ஒரு தம்பதி மறைந்துவிட்டால், அவர்களுக்கு எவ்வாறு மரியாதை செய்கிறார்கள்? வெளியூர்க்காரர் என்ன செய்யலாம்?

டெனே என்னும் பழங்குடி மக்கள் கனடாவின் வடபகுதியில் பரந்து வாழ்கிறார்கள். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தனி வழக்கம் உண்டு. வடமேற்குப் பிரதேசங்களில் பணியாற்றிய காலத்தில் நான் அருகிலிருந்து பார்த்தது அவர்களுள் ஒரு பிரிவினரான த்லிச்சோ டெனே மக்களை என்பதால், அவர்களை வைத்தே விடை சொல்கிறேன். கிரேட் ஸ்லேவ் ஏரிக்கும் கிரேட் பியர் ஏரிக்கும் இடைப்பட்ட நிலம் அவர்களுடையது. 2005 முதல் அவர்களுக்குச் சொந்த அரசாங்கம் இருக்கிறது. பெச்சோகோ, வாட்டி, கமேட்டி, வெக்வீட்டி என்று நான்கே ஊர்கள். கடைசி இரண்டும் மிகச் சிறியவை. நான் சொல்லப்போகும் தம்பதியின் ஊரைக் குறிப்பிடவில்லை, ஏனெனில் அத்தனை சிறிய இடத்தில் ஊரைச் சொன்னாலே ஆளைச் சொன்னதாகிவிடும்.

இருவரும் முதியவர்கள், ஒரே குளிர்காலத்தில் அடுத்தடுத்து இறந்தார்கள். ஊர் எதை இழந்தது என்பதைப் புரிந்துகொள்ள, உறைந்த ஏரியில் மீன் பிடிக்கும் முறையைக் கொஞ்சம் அறிந்திருக்க வேண்டும். பனிக்கட்டியில் தொலைவு விட்டு இரண்டு துளைகள் வெட்டி, அவற்றுக்கிடையே நீருக்குள் வலையைப் போட்டு வைப்பார்கள். ஒரு துளையில் நிற்பவர் வலையை வெளியே இழுக்கும்போது, மறுமுனையில் கட்டிய கயிறு அதன் பின்னாலேயே நீருக்குள் போகும். அந்தக் கயிற்றின் நுனியைக் காத்து நிற்பவர், மீனைக் கழற்றிய பிறகு வலையைத் திரும்பவும் தம் பக்கம் இழுத்துக்கொள்வார். இவர் அங்கே முட்டியிட்டு மீன் கழற்ற, அவர் இங்கே கயிற்றைப் பிடித்திருக்க, அந்த இருவரும் பல குளிர்காலங்களை இப்படியே கழித்தவர்கள். பிடித்த மீனில் பாதிக்கு மேல், வலைக்குப் போக இயலாத வீடுகளுக்குத்தான் போகும். ஆகவே இறுதிச் சடங்கில் அவர்களைப் பற்றிப் பேசியவர்கள் புகழுரை எதுவும் சொல்லவில்லை; எந்த ஆண்டு, யார் வீட்டுக்கு, என்ன மீன் வந்தது என்பதையே ஒருவர் மாற்றி ஒருவர் சொன்னார்கள்.

இறப்புச் செய்தி பரவியதும் ஊரின் அன்றாட வேலைகள் நின்றுவிட்டன. கத்தோலிக்க சமயம் 19-ஆம் நூற்றாண்டிலேயே அங்கு வேரூன்றிவிட்டதால், இரவுகளில் செபமாலையைத் தங்கள் மொழியிலேயே சொல்லிக்கொண்டு உடலுக்கருகில் கண்விழித்திருக்கிறார்கள். பெண்கள் கூடிச் சமைக்கிறார்கள். இளைஞர்கள் முறை வைத்துக் குழி தோண்டுகிறார்கள். பாறைபோல் இறுகிக் கிடக்கும் நிலத்தில் அது எளிய வேலையன்று. மண்வெட்டி கைமாறிக்கொண்டே இருக்கிறது. இறந்தவருக்காகத் தானும் ஒரு கை மண் அள்ளியதாக இருக்கவேண்டும் என்பதில் எல்லோரும் உறுதியாக இருக்கிறார்கள்.

எனக்கு மிக முக்கியமாகப் பட்டது, நெருப்புக்கு உணவு படைப்பது. ஊரார் வட்டமாக நிற்க, சமைத்த ஒவ்வொன்றிலும் சிறிது எடுத்து, புகையிலையோடு சேர்த்துத் தீயில் இடுகிறார்கள். பறையடிப்போர் பிரார்த்தனைப் பாடல்களைப் பாடுகிறார்கள். முன்னோருக்கான அந்தப் பங்கு தீக்குப் போன பிறகே விருந்து. பிறிதொரு நாளில் பறை நடனமும் நடக்கிறது. கரிபு மான் தோல் போர்த்த கைப்பறைகள் ஒலிக்க, குழந்தைகள் முதல் கிழவர் வரை ஒருவர் பின் ஒருவராகச் சுற்றி வருகிறார்கள். துக்கத்துக்குப் பின் ஆடுவதா என்று நம்மவர் திகைக்கலாம். துயரத்தில் இருக்கும் குடும்பத்தைத் தனியே விட்டுவிடாமல் நடுவே கொண்டுவருவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

அந்த விருந்தில் கரிபு இறைச்சி இல்லாதது முதியவர்களை வருத்தியது. 1986-இல் ஏறத்தாழ 4,70,000 மான்கள் இருந்ததாக மதிப்பிடப்பட்ட, அவர்கள் வேட்டையாடி வந்த பாதர்ஸ்ட் என்னும் கரிபு மந்தை, 2018-இல் 8,200 என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது, வேட்டையும் நிறுத்தப்பட்டுவிட்டது. மீனும் மூஸ் என்னும் பெரிய மானின் இறைச்சியும் அவ்விடத்தை நிரப்பின.

மரியாதை அடக்கத்தோடு முடிவதில்லை. த்லிச்சோ கல்லறைகளைச் சுற்றி மரத்தாலான சிறு வேலி இருக்கும். பழைய படகு வழிகளின் கரையோரமெங்கும் அத்தகைய கல்லறைகள் உண்டு. கோடையில் முதியவர்களும் இளைஞர்களுமாக அவ்வழிகளில் படகில் செல்வோர், அவற்றைக் கண்டால் கரையேறிப் புதரை வெட்டி, சாய்ந்த வேலியை நிமிர்த்தி, பிரார்த்தித்துவிட்டே போகிறார்கள். அங்கே கிடப்பவர் யார், எந்தக் குடும்பம், எங்கே வேட்டையாடினார் என்பதை முதியவர் சொல்ல, சிறுவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள். இந்தத் தம்பதியின் வேலிக்கும் பேரப்பிள்ளைகளே வெள்ளை வண்ணம் அடித்தார்கள்.

நீங்கள் அந்த ஊரில் இருந்தால், துக்க வீட்டுக்குப் போய்த் தேநீர் வாங்கிக்கொண்டு உட்காருங்கள். பேச்சு இல்லாத நேரத்தைப் பேச்சால் நிரப்ப வேண்டியதில்லை. படம் எடுக்காதீர்கள், குடும்பத்தார் சொல்லும் முன் செய்தியை வெளியிடாதீர்கள். விறகு பிளப்பதும் பாத்திரம் கழுவுவதும் நன்றாகவே வரவேற்கப்படும். தொலைவில் இருந்தால், மலர்வளையத்தை விடப் பணம் பயன்படும். கமேட்டி, வெக்வீட்டி போன்ற ஊர்களுக்குக் குளிர்காலத்தின் பிற்பகுதியில் மட்டுமே, உறைந்த ஏரிகள் மீதும் நிலத்தின் மீதும் போடும் பனிச்சாலை திறந்திருக்கும். மற்ற மாதங்களில் உறவினர்கள் விமானத்தில்தான் வரவேண்டும், அந்தக் கட்டணம் மிக அதிகம். ஊர் அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்து, யாருடைய பயணச்சீட்டுக்குக் குறைகிறது என்று கேட்டு, அதைக் கட்டிவிடுங்கள்.