மாருதி சுசுகி ஜிம்னியில் அகல டயர் உள்பக்கம் உரசினால் 25 மி.மீ. ஸ்பேசர் (ஹப்புக்கும் வீலுக்கும் நடுவில் வைத்து வீலை வெளியே தள்ளும் தட்டு) போடலாமா? பேரிங் போய்விடுமா?

உரசல் நிற்கும். ஆனால் வாங்குவதற்கு முன் டயரின் உள்தோளில் சாக்பீஸ் தடவி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசிவரை ஒடித்து, மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ரேடியஸ் ஆர்மில் (ஆக்ஸிலைச் சட்டத்தோடு இணைக்கும் கை) சாக்பீஸ் ஒட்டியிருந்தால்தான் ஸ்பேசருக்கு வேலை. பம்பரிலோ ஃபெண்டர் லைனரிலோ ஒட்டியிருந்தால் ஸ்பேசர் அதை இன்னும் மோசமாக்கும். டயர் வெளியே தள்ளப்பட்டதும் திரும்பும்போது பெரிய வட்டம் அடிக்கும்.

கம்பெனி ரிம் 15x5.5, ஆஃப்செட் +5 (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் பதியும் முகம் வெளியே 5 மி.மீ.; எண் குறையக் குறைய வீல் வெளியே வரும்), டயர் 195/80 (முதல் எண் மி.மீ. அகலம்). 215/75-க்கு மாறினால் உள்பக்கம் கூடுவது 10 மி.மீ. மட்டும், பெரும்பாலும் ஸ்பேசரே வேண்டாம். 235/75 போட்டால் 20 மி.மீ. கூடும், அங்கேதான் இந்தக் கேள்விக்கே அர்த்தம்.

பேரிங் பயம் நியாயமானதுதான். ஆனால் 25 மி.மீ. ஸ்பேசர் போட்டாலும், அதே அகலத்தில் -20 ஆஃப்செட் ரிம் போட்டாலும் பேரிங்குக்கு ஒரே சுமைதான். ஸ்டியரிங் கல்லில் உதறுவதும் இரண்டிலும் கூடும். ஜிம்னியின் கிங்பின் பேரிங் (முன்சக்கரம் இடவலமாகத் திரும்பும் அச்சில் இருப்பது) ஏற்கெனவே தேய்ந்திருந்தால் முன்பக்க ஆட்டம் சட்டென வெளியே தெரியும்; அதை முதலில் சரிசெய்யுங்கள்.

ரிம்முக்கும் ஸ்பேசருக்கும் உண்மையான வித்தியாசம் வேறு. ஸ்பேசரை ஹப்போடு பிடித்திருக்கும் ஐந்து நட்டும் வீலுக்குப் பின்னால் மறைந்துவிடும். வீலைக் கழற்றாமல் அவை தளர்ந்ததா என்று தெரியாது. அதைக் கழற்றிப் பார்க்கும் பழக்கம் இல்லாதவர் ரிம்மே வாங்கட்டும், விலை கூடினாலும்.

போடுவதென்றால் போல்ட்-ஆன் வகை (ஹப்பில் தனி நட்டால் பிடித்து, வீலுக்குத் தன் ஸ்டட் கொண்டது), 6061-டி6 அல்லது 7075-டி6 தர அலுமினியம், வார்ப்பு வேண்டவே வேண்டாம். பி.சி.டி. (ஸ்டட்கள் அமையும் வட்டத்தின் விட்டம்) 5x139.7, நடுத்துளை 108 மி.மீ. ஹப்பில் இறுக்கமாக உட்கார வேண்டும். வெளிப்பக்கமும் அதே அளவு உதடு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேகத்தில் ஸ்டியரிங் அதிரும். ஸ்டட் மரை எம்12x1.25 (12 மி.மீ. விட்டம், மரை இடைவெளி 1.25 மி.மீ.). கடைகளில் 1.5 மரையும் கிடைக்கிறது. கம்பெனி நட்டைக் கையால் திருகும்போது இரண்டாம் சுற்றிலேயே பிடித்தால் ஸ்பானர் வைக்காதீர்கள், மரை போய்விடும்.

ஹப் முகத்தை வயர் பிரஷ்ஷால் வெள்ளி தெரியும்வரை தேயுங்கள். ஒரு செதில் துரு இருந்தாலும் ஸ்பேசர் சாய்ந்து உட்காரும். ஓடஓட அந்தத் துரு நொறுங்கும், நட் தளரும். ஸ்டடில் மெல்லிய கிளிப் இருந்தால் எடுத்துவிடுங்கள். பழைய ஸ்டட் முனை ஸ்பேசர் முகத்துக்கு வெளியே நீட்டினால், ரிம்மின் பின்புறம் அதற்கேற்ற குழி இருக்கிறதா என்று பாருங்கள். இரும்பு ரிம்மில் பெரும்பாலும் இருக்காது. நீட்டுவதை அறுக்க வேண்டும்.

மரையில் கிரீஸ் தடவாதீர்கள், அதே டார்க்கில் ஸ்டட் அளவுக்கு மீறி இழுபடும். நட்சத்திர வரிசையில், டார்க் ரெஞ்சால் 100 நியூட்டன்-மீட்டர். ஸ்பேசர் தயாரிப்பாளர் வேறு அளவு சொல்லியிருந்தால் ஸ்பேசர் நட்டுக்கு அது. இம்பாக்ட் கன் கூடாது. 100 கி.மீ. ஓடியதும் வீலைக் கழற்றி ஸ்பேசர் நட்டை மறுபடி இறுக்குங்கள். பிறகு ஒவ்வொரு டயர் ரொட்டேஷனிலும், ஒவ்வொரு ஆஃப்-ரோடு பயணத்துக்குப் பின்னும்.

இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரம் தயாரிப்பாளரின் மூல விவரத்துக்கு மாறாகும்படி வண்டியை மாற்றத் தடை விதிக்கிறது. டயர் ஃபெண்டரைத் தாண்டி நீட்டினால் முதலில் கண்ணில் படுவதும் அதுதான். வாங்கும் முன் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.