எம்.பி. சீனிவாசன் தோற்றாரா?

கேள்வி: சென்ற இதழில் எம்.பி. சீனிவாசனைப் பெரிய இசையமைப்பாளர் என்று எழுதியிருந்தீர்கள். தமிழில் அவர் செய்த படங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். வருடத்துக்குப் பத்து, இருபது படம் செய்தவர்கள் இருந்த கோடம்பாக்கத்தில் இவர் தோற்றுப்போனவர்தானே? கட்சிக்காரர் என்பதற்காகத் தூக்கிப் பிடிக்கிறீர்களா? மறக்க முடியாத பாட்டு ஒன்றாவது உண்டா, சொல்லுங்கள் பார்ப்போம்.
– ஒரு வாசகர், சிவகங்கை

பதில்: எண்ணிக்கையில் நீங்கள் சொல்வது சரி. 'பாதை தெரியுது பார்', 'தாகம்', 'புது வெள்ளம்', 'எடுப்பார் கைப்பிள்ளை', 'மதன மாளிகை', 'அக்ரஹாரத்தில் கழுதை' என்று சொல்ல ஆரம்பித்தால் சீக்கிரமே பட்டியல் முடிந்துவிடும். அதற்காகத் 'தோற்றுப்போனவர்' என்று எழுதிவிட்டீர்களே, அந்தச் சொல்லைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அந்த மனிதர் தன் ஆயுளில் பாதியை எதற்குக் கொடுத்தார் என்று தெரிந்திருந்தால் நீங்களே அதை எழுதியிருக்க மாட்டீர்கள்.

முதலில் ஒன்று. அவர் பெயரின் முன்னால் நிற்கும் 'எம்' உங்கள் பக்கத்து ஊர். மானாமதுரை பாலகிருஷ்ணன் சீனிவாசன் என்பதுதான் முழுப் பெயர். பிறந்தது 1925இல், சித்தூரில். 'தென்னங்கீற்று ஊஞ்சலிலே' பாடிய பி.பி. ஸ்ரீனிவாஸோடு இவரைக் குழப்பிக்கொள்கிறவர்கள் இன்றும் உண்டு. பாடியவர் அவர். மெட்டுப் போட்டவர் இவர்.

கட்சிக்காரர் என்பதை நானும் மறைக்கவில்லை, அவரும் மறைத்ததில்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த காலத்திலேயே கம்யூனிஸ்ட் இயக்கத்துக்கு வந்துவிட்டார். பிறகு தில்லியில் கேரளக் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனிடம் செயலாளராக வேலை பார்த்தார். அவர் மணந்துகொண்ட சாகிதா, பஞ்சாப் காங்கிரஸ் தலைவர் சைபுதீன் கிச்லுவின் மகள். 1919 ஏப்ரலில் கிச்லுவையும் சத்தியபாலையும் கைது செய்ததை எதிர்த்துத் திரண்டவர்கள் மீதுதான் ஜாலியன்வாலா பாக்கில் துப்பாக்கிச் சூடு நடந்தது. அப்படிப்பட்ட வீட்டுக்கு மருமகனாகப் போனவர், கூட்டமாக நிற்கும் மனிதர்களை நம்பினார். அவருடைய இசையைப் புரிந்துகொள்ள இதைத் தெரிந்துகொண்டாக வேண்டும். இதற்காக மட்டும் அவரை யாரும் பெரியவர் என்று சொல்ல வேண்டியதில்லை.

இனி பாட்டுக்கு வருவோம். 1960இல் வந்த 'பாதை தெரியுது பார்' தொழிலாளர்களைப் பற்றிய படம். இயக்கியவர் நிமாய் கோஷ், வங்காளத்தில் பிரிவினை அகதிகளைப் பற்றி 'சின்னமூல்' எடுத்துவிட்டுச் சென்னைக்கு வந்தவர். பாட்டு எழுதியவர்களைப் பாருங்கள்: பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம், கே.சி.எஸ். அருணாசலம், ஜெயகாந்தன். அந்த வருடத் தேசியத் திரைப்பட விருதுகளில் இந்தப் படத்துக்குத் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது. தியேட்டரில் ஓடவில்லை. ஆனால் அருணாசலம் எழுதி டி.எம். சௌந்தரராஜன் பாடிய 'சின்னச் சின்ன மூக்குத்தியாம்' இன்றைக்கும் மேடைகளில் ஒலிக்கிறது. படத்தைப் பார்த்தே இராதவர்களும் அதைப் பாடுகிறார்கள்.

'தென்னங்கீற்று' ஜெயகாந்தன் எழுதியது. அதைக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை கேளுங்கள். வார்த்தையில் இருக்கிற ஊஞ்சல் மெட்டிலும் ஆடும். ஸ்ரீனிவாஸும் எஸ். ஜானகியும் நம் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரிதான் பாடுவார்கள். யாரும் யாரையும் முந்துவதில்லை, ஒரு இடத்திலும் திறமையைக் காட்ட நிற்பதில்லை. முதல் படத்திலேயே அப்படி ஒரு பாட்டைச் செய்தவருக்கு மெட்டு வராமல் வாய்ப்புப் போனது என்று சொல்ல முடியுமா?

மறு வருடம், 1961 நவம்பர் 14, சென்னை பரணி ஸ்டுடியோ. 'கால்பாடுகள்' என்ற மலையாளப் படத்துக்கு ஒலிப்பதிவு. பாட வந்த இளைஞனுக்கு வயது 21. உடம்பு சரியில்லாமல் போனதால் அவன் பாட வேண்டிய பெரிய பாட்டுகள் வேறு ஆளுக்குப் போய்விட்டன. அவனை அப்படியே திருப்பி அனுப்பிவிடாமல் நான்கு வரி சுலோகம் ஒன்றைக் கொடுத்துப் பாடவைத்தார் சீனிவாசன். சாதி பேதமும் மதத் துவேஷமும் இல்லாமல் எல்லோரும் சகோதரராக வாழ்கிற இடம் இது என்று 1888இல் அருவிப்புரத்தில் நாராயண குரு எழுதிவைத்த வரிகள் அவை. பாடிய இளைஞன் கே.ஜே. யேசுதாஸ். அவருடைய முதல் ஒலிப்பதிவு அதுதான்.

சரி, பிறகு ஏன் படங்கள் வரவில்லை என்று கேட்பீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு வயலின் கலைஞர் பல வருடங்களுக்கு முன் தன் பழைய பாக்கெட் டைரி ஒன்றைக் காட்டினார். தேதி, ஸ்டுடியோ, எத்தனை மணிக்கு உள்ளே போனார், எத்தனை மணிக்கு வெளியே வந்தார் என்று பென்சிலில் எழுதியிருந்தார். எதிரே ஒரு கட்டம். பணம் வந்தால் அதில் ஒரு டிக் போடுவாராம். ஆரம்பப் பக்கங்களில் பல கட்டங்கள் காலியாகவே இருந்தன. ஒரு கம்பெனியின் படிக்கட்டில் பதினோரு தடவை ஏறி இறங்கியிருக்கிறார். 'படம் முடியட்டும்', 'விற்கட்டும்', 'வெளிவரட்டும்' என்று ஒவ்வொரு தடவையும் ஒரு பதில். படம் வெளிவந்து, ஓடி, பெட்டிக்குள்ளும் போய்விட்டது. கட்டம் காலியாகவே இருந்தது. அதே டைரிகளில் பின்னால் வந்த வருடங்களைப் புரட்டினால் டிக்குகள் வரிசையாக நின்றன. 'சங்கம் வந்த பிறகு சார்' என்று மட்டும் சொன்னார். அவர் விரல் அந்தப் பக்கத்தின் மேலேயே இருந்தது.

சென்னையில் சினிமா இசைக் கலைஞர்களுக்கு அந்தச் சங்கத்தை முன்னின்று அமைத்தவர் எம்.பி. சீனிவாசன். ஒரு பாட்டில் முப்பது, நாற்பது பேர் வாசிப்பார்கள். இசைத்தட்டில் அவர்கள் ஒருவர் பெயரும் இருக்காது. அவர்களுக்கு வாசித்த நேரத்துக்கு ஒழுங்கான கூலி, அது கைக்கு வந்து சேர்வதற்கு ஒரு முறை என்று பேசப் போனவர் யார்? தானே ஒரு இசையமைப்பாளர். யாரிடம் போய் வாய்ப்புக் கேட்க வேண்டுமோ, அவர்களிடமே போய் மற்றவர்களுக்காகக் கூலி கேட்டு நின்றார். அப்படி நின்றவரைத் தன் அடுத்த படத்துக்கு அழைக்க எத்தனை முதலாளிகளுக்கு மனம் வரும்? அவருக்குத் தமிழில் படங்கள் குறைந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்றுதான் நான் நினைக்கிறேன். அது உங்கள் கணக்கில் தோல்வி என்றால், அந்த டைரியில் விழுந்த டிக்குகளை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

காலம் எப்படி இருந்தது என்பதற்கு இன்னொன்றும் சொல்கிறேன். சினிமாவுக்காக மெட்டுப் போட்டால், வேறு ஒப்பந்தம் இல்லாத வரை அதன் உரிமை தயாரிப்பாளருக்கே என்று 1977இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தன் மெட்டு ஊரெல்லாம் ஒலித்தாலும் அதில் காலணா கேட்க முடியாத நிலை. ராயல்டியில் தன் பங்கை எழுதிக் கொடுத்துவிட முடியாதபடி இசையமைப்பாளருக்குச் சட்டம் பாதுகாப்புத் தந்தது 2012இல்தான். இசைக்காரனின் உழைப்புக்கு உரிமை உண்டு என்ற பேச்சைக் கேட்கவே ஆள் இல்லாத நாட்களில் சங்கத்தைக் கட்டியவர் அவர்.

அப்புறம் சேர்ந்திசை, அதாவது பலர் குரல் சேர்த்துக் குழுவாகப் பாடுவது. எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இதுதான். எழுபதுகளின் தொடக்கத்தில் மெட்ராஸ் யூத் கொயர் என்ற குழுவைத் தொடங்கினார். தொழில்முறைப் பாடகர்களை அவர் தேடவில்லை. வேலைக்குப் போகிறவர்கள், கல்லூரியில் படிக்கிறவர்கள், பாட ஆசை உள்ள சாதாரண மனிதர்கள் போதும் என்றார். பாரதி பாட்டு மட்டுமல்லாமல், பல இந்திய மொழிப் பாட்டுகளையும் தமிழ்த் தொண்டைகள் பாடின.

இது எவ்வளவு கஷ்டமான வேலை என்று பாட்டுக் கற்றுக்கொண்டவர்களுக்குத் தெரியும். நம் சங்கீதம் தனி ஆளுக்கானது. சுருதியின் உயரத்தைக் கட்டை என்று சொல்வோம். ஆண் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டையில் பாடுவார். பெண்ணுக்கு ஐந்து, ஐந்தரை வேண்டும். ஐம்பது பேரை ஒரே சுருதியில் நிறுத்தினால் பாதிப் பேருக்கு மேலே எட்டாது, மீதிப் பேருக்குக் கீழே இறங்காது. மேல்நாட்டு முறையில் சுரங்களை அடுக்கினால், ராகத்தில் இல்லாத சுரம் உள்ளே நுழைந்து மெட்டின் முகமே மாறிவிடும். மெட்டைக் கெடுக்காமல் அதைக் குரல்களுக்குள் பிரித்துக் கொடுப்பதில்தான் வித்தை இருக்கிறது. ஒரு குழு வரியைப் பாடும்போது இன்னொன்று அடியில் ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பெண்கள் விட்ட இடத்தில் ஆண்கள் எடுப்பார்கள். கடைசி வரியில் எல்லோரும் ஒன்றாக வந்து சேரும்போது, கேட்கிறவருக்குக் காரணமே தெரியாமல் கண் கலங்கும்.

அவர் காட்டிய வழியில் பயிற்சி பெற்ற ஒருவர் பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றில் வகுப்பு நடத்தியதை ஒரு சாயங்காலம் பார்த்தேன். ஆபீஸ் முடிந்து டிபன் கேரியரோடு வந்திருந்தார்கள். பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு நின்றார்கள். அரை மணி நேரம் ஒரே வரி. ஒரு அம்மாவுக்குக் குரல் எழும்பவே இல்லை, வெட்கம். பயிற்சியாளர் ஒன்றும் சொல்லவில்லை. இடத்தை மட்டும் மாற்றினார். கணீரென்று பாடும் இரண்டு பெண்களுக்கு நடுவே அந்த அம்மாவை நிற்கவைத்தார். பத்து நிமிடத்தில் அவர் வாய் அசைந்தது, பிறகு குரல் வந்தது, பிறகு அவரே தலையை ஆட்டித் தாளம் போட ஆரம்பித்துவிட்டார். எத்தனை படத்துக்கு இசையமைத்தால் இது கிடைக்கும்?

மலையாளிகள் அவரைக் கைவிடவில்லை. அடூர் கோபாலகிருஷ்ணன் 'சுயம்வரம்' முதல் 'எலிப்பத்தாயம்', 'முகாமுகம்', 'அனந்தரம்' வரை அவரிடம் போனார். கே.ஜி. ஜார்ஜின் 'உள்கடல்', 'யவனிகா' இரண்டிலும் ஓ.என்.வி. குறுப்பின் வரிகளுக்கு அவர் போட்ட மெட்டுகளை அங்கே வீட்டுக்கு வீடு பாடுகிறார்கள். நாம் நழுவவிட்டதை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இதில் தோற்றது யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

ஜான் ஆபிரகாமின் 'அக்ரஹாரத்தில் கழுதை'யில் அவர் நடிக்கவும் செய்தார். கழுதைக் குட்டியை வீட்டுக்குக் கொண்டுவரும் பேராசிரியர் நாராயணசுவாமி அவர்தான். இசையமைப்பாளர் என்று தெரியாமலே அந்த முகத்தைப் பார்த்தவர்கள் நிறையப் பேர்.

1988 மார்ச்சில் லட்சத்தீவில் இறந்துபோனார், 62 வயதில். அங்கே போனது சினிமா வேலைக்காக இல்லை. தீவுக்காரர்களுக்குச் சேர்ந்திசை கற்றுக்கொடுக்கப் போயிருந்தார்.

மறக்க முடியாத பாட்டு ஒன்றாவது கேட்டிருந்தீர்கள். நான்கு தருகிறேன். 'தென்னங்கீற்று ஊஞ்சலிலே', 'சின்னச் சின்ன மூக்குத்தியாம்', 'மதன மாளிகை'யில் யேசுதாஸும் சுசீலாவும் பாடும் 'ஏரியிலே ஒரு காஷ்மீர் ரோஜா', 'யவனிகா'வில் 'சம்பக புஷ்ப சுவாசித யாமம்'. கடைசிப் பாட்டுக்கு மலையாளம் தெரிய வேண்டும் என்றில்லை. இரவு வீடு அடங்கிய பிறகு கேளுங்கள். கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள். அப்போதும் இதே கருத்துதான் என்றால், அந்தக் கடிதத்தையும் ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் இந்தப் பக்கத்தில் போடுகிறேன்.