சுவர் குடித்த தண்ணீருக்கு வழி விடுங்கள்: வெளிப்பூச்சுக் கேள்வி பதில்

தை பிறந்ததும் என்னிடம் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளுக்குப் பூச்சு வேலை செய்து 34 வருடமாகிறது. அநேகமானோர் எந்தப் பெயின்ற் நல்லது என்றுதான் கேட்கிறார்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்க்கச் சொன்னால் முகம் சுருங்கிவிடுகிறது.

கோப்பாயிலிருந்து: அண்ணை, அப்பு கட்டிய வீடு. வெளிச்சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பெயின்ற் பொருக்குவிட்டு உதிர்கிறது. இரண்டு வருடத்துக்கு முன்தான் சீமெந்து பூசி, விலை கூடிய பெயின்ற் அடித்தோம்.

தம்பி, அந்தச் சீமெந்தும் பெயின்றும்தான் வினை. அப்பு காலத்து வீடென்றால் கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாக இருக்கும். நிலத்து ஈரம் சுவரில் ஏறும். முன்பு அது சுண்ணாம்பு வழியாக வெளியே காய்ந்து போனது. நீங்கள் கதவைச் சாத்திவிட்டீர்கள். ஈரம் கொண்டுவரும் உப்பு இப்போது பெயின்றுக்குப் பின்னால் மணியாக உறைந்து, அதைத் தள்ளிக் கழற்றுகிறது. கையால் தடவிப் பாருங்கள், வெள்ளை மா ஒட்டும்.

சீமெந்தைக் கொத்தி எடுத்துவிட்டு ஒரு கோடை முழுக்கச் சுவரைச் சும்மா விடுங்கள். பூக்கிற உப்பைக் காய்ந்த தூரிகையால் தட்டி அள்ளுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் கரைந்து திரும்ப உள்ளே போய்விடும். பிறகு சுண்ணாம்புச் சாந்து பூசி, நீற்றிய சுண்ணாம்பைப் பால் பதத்தில் கரைத்து, சுவரை நனைத்துக்கொண்டு மெல்லியதாக மூன்று நான்கு தரம் அடியுங்கள். அடிக்கும்போது ஒன்றும் தெரியாது. காயக் காயத்தான் வெளுக்கும். இது தெரியாமல் முதல் தரமே தடிப்பாக அப்பிவிட்டு, வெடித்துப்போயிற்று என்று சுண்ணாம்பைத் திட்டுவார்கள்.

இன்னொன்று: முற்றத்துச் செம்மண் காலப்போக்கில் சுவரடியில் குவிந்திருக்கும். அதை வெட்டித் தாழ்த்துங்கள். கூரைத் தண்ணீரை ஏந்தும் பீலி ஒழுகுகிறதா என்பதையும் ஒரு மழையில் நின்று பாருங்கள்.

வட்டுக்கோட்டையிலிருந்து: ஐயா, ஓட்டு வீட்டின் முகட்டுப் பக்கம் ஒன்றன்மேல் ஒன்று ஏறினாற்போல் பலகை அடித்து மூடியிருக்கிறது. பழைய எனாமல் முதலைத் தோல்போல வெடித்துவிட்டது. நெருப்புக் காட்டி உரிக்கலாமா?

வேண்டாம் பிள்ளை. பெயின்றில் ஈயத்துக்குக் கட்டாய வரம்பு இலங்கையில் 2013இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தியதை ஈயம் உள்ளதென்றே எண்ணி வேலை செய்யுங்கள். நெருப்புக் காட்டினால் நச்சுப் புகை, காயவைத்துத் தேய்த்தால் நச்சுத் தூசி. கீழே பிளாஸ்ரிக் விரித்து, பிள்ளைகளையும் கோழிகளையும் அப்பால் விட்டு, ஈரமாக்கிச் சுரண்டுங்கள். தூசிக்கேற்ற முகமூடி போடுங்கள்.

முழுவதையும் உரிக்க வேண்டியதில்லை. கத்தியால் கீறி, ஒட்டும் ரேப்பை அழுத்தி வெடுக்கென இழுங்கள். அதோடு வராத பெயின்ற் இருக்கட்டும். உரிந்த இடத்தின் விளிம்பை நீர் அரத்தாளால், நகம் தடக்காத அளவுக்குத் தேயுங்கள். பிறகு கூர்மையான ஆணியால் பலகையைக் குத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கினால் அந்தப் பலகைக்குப் பெயின்ற் மருந்தல்ல, மாற்றவே வேண்டும்.

நன்றாகக் காய்ந்த பிறகு, தாமதிக்காமல் பிரைமர் என்ற அடிப்பூச்சை அடியுங்கள். வெறும் பலகை வாரக்கணக்கில் வெயில் குடித்தால் மேல்நார் செத்துவிடும். அதில் எதுவும் நிலைக்காது. பலகையின் வெட்டுமுனைதான் தண்ணீரை உறிஞ்சும் வாய், அங்கே இரண்டு தரம் அடியுங்கள். ஆணித் துளைகளை அடைக்கும் பசையான பட்டி வைப்பது பிரைமருக்குப் பிறகுதான். பலகை பலகைமேல் ஏறும் கீழ் விளிம்பை மட்டும் பட்டியால் அடைக்காதீர்கள். உள்ளே போன ஈரம் அந்த இடுக்கால்தான் வெளியேறும். ‘வடிவாக’ அடைத்துக் கொடுத்த பிழையை நானும் இளவயதில் செய்து, அடுத்த வருடமே திட்டு வாங்கினேன்.

ரொறன்ரோவிலிருந்து: அண்ணா, ஆடியில் மூன்று வாரம் ஊருக்கு வருகிறேன். மதிலுக்குப் புதிதாகச் சீமெந்து பூசிப் பெயின்றும் அடித்துவிட்டுத் திரும்பலாமா?

விடுமுறை போதாது. புதுச் சீமெந்துப் பூச்சுக்கு 28 நாள் விட வேண்டும். இல்லாவிட்டால் அதன் காரம் பெயின்றைத் தின்னும். ஆடியில் சோழகம் வேறு வீசும். ஈரப் பெயின்றில் ஒழுங்கையின் புழுதியெல்லாம் ஒட்டும். பங்குனி, சித்திரைதான் நல்ல காலம்: மாரி ஈரம் காய்ந்திருக்கும், பனியும் விட்டிருக்கும். மாசியில் செய்தால் பனி காயும்வரை தூரிகையைத் தொடாதீர்கள். எந்த மாதமானாலும் வெயில் சுடும் பக்கத்தை விட்டு நிழலைத் தொடர்ந்து போங்கள்.

தெல்லிப்பழையிலிருந்து: எத்தனை தரம் அடித்தாலும் சுவரில் ஒரே இடத்தில் பழுப்புக் கறை வருகிறது.

சண்டைக்கால வீடா? ஷெல் துண்டு உள்ளே துருப்பிடித்துக்கொண்டிருக்கும். கொத்தி எடுத்து, துளையைச் சாந்தால் அடையுங்கள். எடுக்க முடியாத சின்னத் துண்டென்றால் துருவைச் சுரண்டி, துரு எதிர்ப்புப் பிரைமர் அடித்து மூடுங்கள். உருவம் தெரியும் பெரிய பொருளாக இருந்தால் கை வைக்காமல் பொலிஸுக்குச் சொல்லுங்கள்.

நல்லூரிலிருந்து: கிணற்றடிப் பக்கச் சுவர் கறுத்துப் பாசி பிடித்திருக்கிறது. மேலாகப் பெயின்ற் அடித்தால் மறையாதா?

ஒரு மாரிக்கு மறையும் தங்கச்சி. துணி வெளுக்கும் குளோரின் திரவம் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு கலந்து பூசி, கால் மணித்தியாலம் விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். கழிவறை கழுவும் அமிலத்தை அதோடு சேர்த்துவிடாதீர்கள். கிளம்பும் வாயு நெஞ்சை அடைக்கும். கிணற்றை மூடிவிட்டுத் தொடங்குங்கள். சுவரோரத்துக் குரோட்டனுக்கும் முதலிலேயே தண்ணீர் விட்டு நனைத்துவிடுங்கள்.