நாள் போதவில்லை என்பவர்களுக்கு: கேள்வி பதில்

கே: கும்பகோணம். குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். புத்தகத்தைத் திறந்த கொஞ்ச நேரத்தில் கை போனுக்குப் போய்விடுகிறது.

போனை வேறு அறையில் வையுங்கள், தம்பி. மேசையிலேயே கவிழ்த்து வைப்பதெல்லாம் கணக்கில் வராது. அப்புறம் 25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் ஓய்வு. நான்கு சுற்று முடிந்தால் அரை மணி நேரம் எழுந்து நடக்கலாம். பொமொடோரோ முறை என்பார்கள். 1980களின் கடைசியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர் தக்காளி வடிவ சமையலறைக் கடிகாரத்தை வைத்துப் படித்த வழி. கணக்குப் போடும்போது 25 பத்தாவிட்டால் 45 வைத்துக்கொள்ளுங்கள், குற்றமில்லை.

கே: திருத்துறைப்பூண்டி பக்கம் விவசாயம். காலையில் பட்டியல் போட்டுத்தான் கிளம்புகிறேன், பாதிகூட முடிவதில்லை.

உங்கள் நாளில் உங்கள் கையில் இருக்கும் நேரமே கொஞ்சம்தான். முறைத் தண்ணீர், மும்முனை மின்சாரம், நடவு ஆள் எல்லாம் அதனதன் நேரத்துக்குத்தான் வரும். ஜூன் 12இல் திறப்பது வழக்கம் என்றாலும் மேட்டூர் அணையே எத்தனையோ வருடங்களில் தேதி தள்ளித்தான் திறந்திருக்கிறது!

அதனால் பட்டியலை இரண்டாக்குங்கள். வயலில் நீங்கள் நின்றே ஆக வேண்டிய வேலைக்கு மட்டும் நேரம் குறியுங்கள். ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம். உரக்கடைக் கணக்கு, பயிர்க் காப்பீட்டுத் தாள்களை அடுக்குவது, போனில் பேச வேண்டியது எல்லாம் இன்னொரு பக்கம். கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்குக் காவல் இருக்கும்போதே இவற்றில் பாதியை முடித்துவிடலாம். வங்கி, வேளாண்மை அலுவலகம், மோட்டார் ரிப்பேர் என டவுன் வேலைகளை ஒரே நாளில் சேர்த்து வையுங்கள். இதில்தான் அதிக நேரம் மிச்சமாகும்.

கே: மன்னார்குடி. நாலு மணிக்கு எழுந்து பால் கறந்து, சமைத்து, பிள்ளைகளை அனுப்புகிறேன். எனக்கென்று அரை மணி நேரம் இல்லை.

உங்களுக்கு நேரத்தைப் பற்றிப் பாடம் சொல்ல வாய் கூசுகிறது, அம்மா. யார் யார் என்ன வேலை செய்தார்கள் என்று ஒரு வாரம் காலண்டரில் எழுதி, எல்லார் கண்ணிலும் படும்படி மாட்டுங்கள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதும் டிபன் பாக்ஸ் கழுவுவதும் மற்றவர்களுக்கும் வரும்.

கே: நான்கு மணிக்கு எழுந்தால்தான் உருப்படுவோமா?

இல்லை. ஏழு மணி நேரமாவது தூங்குங்கள்.

கே: மயிலாடுதுறையில் தையல் கடை. தீபாவளி ஆர்டர் ஒவ்வொரு வருடமும் கடைசி ராத்திரிவரை இழுக்கிறது.

கொடுத்த நேரம் முழுவதையும் வேலை நிரப்பிக்கொள்ளும் என்று 1955இல் பார்க்கின்சன் என்ற ஆங்கிலேயர் கிண்டலாக எழுதினார். ரசீதில் போடும் தேதிக்கு நான்கு நாள் முந்தைய தேதியை உங்கள் நோட்டில் எழுதுங்கள். வெட்டு ஒரு வேளை, காஜா, பட்டன் இன்னொரு வேளை எனச் சேர்த்துச் செய்யுங்கள். புது ஆர்டர் எடுக்கும் கடைசித் தேதியைப் பலகையில் எழுதி வாசலில் வைத்துவிடுங்கள். சொந்தக்காரர் வந்தாலும் பலகையைக் காட்டலாம்.