குத்துச்சண்டை கேள்வி பதில்: எந்த ஆண்டு அலி?

கேள்வி (பரந்தன் வாசகர்): ட்ரெவர் பெர்பிக்கிடம் முகமது அலி தோற்றார். அதே பெர்பிக்கை மைக் டைசன் 2ஆம் சுற்றிலேயே முடித்தார். அப்படியென்றால் அலியை டைசன் வெல்வார்தானே?

பதில்: இந்தக் கணக்கு பிழை. பெர்பிக்கோடு மோதிய 1981 டிசம்பரில் அலிக்கு 39 வயது. அதுவே அவரது கடைசிப் போட்டி. டைசன் பெர்பிக்கை முடித்த 1986 நவம்பரில் டைசனுக்கு வயது 20. பெயரைச் சொல்ல முன்னர் ஆண்டைச் சொல்லுங்கள். கிளீவ்லண்ட் வில்லியம்ஸை 3 சுற்றில் மடக்கிய 1966இன் அலியையும், மைக்கல் ஸ்பிங்க்ஸை 91 செக்கனில் விழுத்திய 1988இன் டைசனையும் எடுப்போம்.

அடுத்து, பொது எதிராளியை விட்டுவிட்டு ஒரே பாணிக்காரரைத் தேடுங்கள். டைசனைப் போல் குனிந்து நுழைந்து இடது ஹூக் (பக்கவாட்டில் வளைத்து அடிக்கும் குத்து) போட்டவர் ஜோ ஃபிரேசியர். 1971 மார்ச் 8இல், 15ஆம் சுற்றில், அந்த ஹூக்தான் அலியை விழுத்தியது. 1963இல் ஹென்றி கூப்பர் விழுத்தியதும் இடது ஹூக்கால்தான். காரணம் இதுதான்: அலி கைகளைத் தாழ்த்தி வைத்து, தலையை நேரே பின்னுக்கு இழுப்பார். நேர்க்குத்து எட்டாது. வளைந்து வரும் ஹூக் தாடையைப் பிடித்துவிடும்.

டைசனுக்கும் ஓட்டை உண்டு. 1990இல் டோக்கியோவில் உயரமான பஸ்டர் டக்ளஸ் நீண்ட ஜாபால் (முன்கையால் விடும் விரைவான நேர்க்குத்து) டைசனைத் தள்ளிவைத்தார், பின்னாலேயே வலது நேர்க்குத்தை விட்டார், டைசன் நெருங்கினால் கட்டிப்பிடித்தார். 10ஆம் சுற்றில் டைசன் விழுந்தார். அலி 6 அடி 3 அங்குலம், டைசன் 5 அடி 10. நெருங்குபவரின் பிடரியில் இடது கையைப் போட்டு அமத்துவது அலியின் பழக்கம். 1974இல் ஃபிரேசியரை அப்படித்தான் அடக்கினார். அதை மத்தியஸ்தர் விட்டால், முதல் 4 சுற்றைத் தாண்டும் அலி 10ஆம் சுற்றுக்குப் பிறகு வெல்வார். விடாமல் எச்சரித்தால் நான் டைசன் பக்கம்.

கேள்வி (மல்லாவி வாசகர்): 49 போட்டியிலும் தோற்காத ரொக்கி மார்சியானோ இன்றைய ஹெவிவெயிட் வீரர்களை வெல்வாரா?

பதில்: அவரது பாரம் ஏறக்குறைய 185 இறாத்தல். இன்று 200 இறாத்தல் வரை குரூஸர்வெயிட், அதாவது ஹெவிவெயிட்டுக்கு ஒரு படி கீழான பிரிவு. அந்தப் பிரிவில் அவரை இறக்குங்கள். அங்கே அவரை விழுத்துவது மிகக் கடினம்.

கேள்வி (மாங்குளம் வாசகர்): அலி-டைசன் போட்டி எங்கள் கச்சான் காற்று வெக்கையில் நடந்தால் யாருக்கு வாய்ப்பு?

பதில்: அசைவு குறைந்தவருக்கு. 1952 ஜூன் 25, நியூயோர்க்கில் இரவுப் போட்டி. மேடையில் 104 பாகை பரனைற், அதாவது 40 செல்சியஸ். மத்தியஸ்தரே 10ஆம் சுற்றுடன் மாற்றப்பட்டார். புள்ளிகளில் முன்னின்ற சுகர் ரே ரொபின்சன், 13 சுற்று முடிந்ததும் கதிரையை விட்டு எழும்பவில்லை. 15 இறாத்தல் கூடிய ஜோய் மாக்சிம் அவர்மேல் சாய்ந்து சாய்ந்தே களைக்க வைத்திருந்தார். ஆகவே 1966இன் அலி இங்கு 15 சுற்றும் சுற்றி ஆட முடியாது. 1974இல் கின்ஷாசாவில் ஜோர்ஜ் ஃபோர்மனுக்கு எதிராகச் செய்ததுபோல் கயிற்றில் சாய்ந்து மூச்சைச் சேமிக்க வேண்டிவரும். டைசன் விலாவுக்கு அடித்த கையாலேயே அடுத்த நொடி தாடைக்கு அப்பர்கட் (கீழிருந்து மேலே வரும் குத்து) எடுப்பவர். கயிற்றோடு நிற்பவருக்கு அதைவிட ஆபத்தான எதிராளி இல்லை.